சங்கிலியும் கயிறும்

கொலையைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாத வழக்கு என்றால், வாதம் நடக்கும் நாளில் எங்கள் செஷன்ஸ் கோர்ட்டில் கட்டாயம் ஒரு சங்கிலி வந்துவிடும். "சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி எந்தக் கண்ணியும் விடுபடாமல் முழுமையாக இருக்கிறது" என்று அரசு வழக்கறிஞர் முடிப்பார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் நான் எழுந்து, "சங்கிலி இந்த இடத்தில் அறுந்து கிடக்கிறது" என்று ஆரம்பிப்பேன். தீர்ப்பிலும் அதே சங்கிலிதான் இருக்கும். முழுமை என்றால் ஆயுள் தண்டனை, அறுந்தது என்றால் விடுதலை.

இத்தனைக்கும், நிரூபணம் என்றால் என்ன என்று சொல்லும் சட்டப் பிரிவில் சங்கிலி கிடையாது. ஒரு விஷயம் உண்டு என்று நீதிமன்றம் நம்ப வேண்டும், அல்லது விவேகமுள்ள ஒருவர் அதை உண்மையென்று வைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கும் அளவுக்கு அதற்குச் சாத்தியம் இருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கேட்டது அவ்வளவுதான். அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதே விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. சங்கிலியைக் கொண்டுவந்தவர்கள் நீதிபதிகள். அது ஓர் உருவகம். ஆனால், ஒருவர் வீட்டுக்குப் போவாரா, மத்தியச் சிறைக்குப் போவாரா என்பதை அந்த உருவகம்தான் பல வழக்குகளில் முடிவு செய்கிறது.

உருவகம் கவிதைக்கு உரியது, சட்டம் வறட்டு மொழியில் பேசுவது என்று பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நிலைமை அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் எதுவரை திருத்தலாம் என்ற கேள்விக்கு, 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில் சொன்ன பதில் 'அடிப்படைக் கட்டமைப்பு'. சுவரை இடிக்கலாம், அறையை மாற்றலாம், அஸ்திவாரத்தில் கைவைக்கக்கூடாது என்கிற கட்டடப் படம் அது. 1989-இல், இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையிலான தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல நேரடியாக இருந்தால்தான் தடை செய்யலாம் என்றது நீதிமன்றம். படம் பிழைத்தது. இந்த உருவகம் நல்ல வேலை செய்கிறது என்பது என் எண்ணம். எங்கே பொறி, எங்கே பீப்பாய், இரண்டும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று கேட்க வேண்டிய கட்டாயம் நீதிபதிக்கு வந்துவிடுகிறது. அதே பேச்சை 'விஷ விதை' என்று சொல்லியிருந்தால்? விதை முளைக்க எத்தனை வருஷமும் ஆகலாம். தடை போடுவதற்குக் காரணம் எப்போதும் கைவசம் இருக்கும்.

நியூயார்க்கில் டிராம் விபத்தில் அடிபட்ட ஒரு பெண், துணை நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்த தாய் நிறுவனத்தின் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1926-இல் வந்த அந்தத் தீர்ப்பில் நீதிபதி கார்டோசோ ஓர் எச்சரிக்கை செய்தார். சட்டத்தில் உருவகங்கள் மீது எப்போதும் ஒரு கண் வேண்டும். சிந்தனைக்கு விடுதலை தரவென்று வருபவை, பல சமயம் அதை அடிமையாக்கி முடிகின்றன என்றார். சங்கிலியை நினைத்தால் எனக்கு இந்த எச்சரிக்கைதான் ஞாபகம் வருகிறது. அது சிந்தனைக்கு உதவியதும் உண்டு, சிந்தனையைக் கட்டிப்போட்டதும் உண்டு.

சங்கிலி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1838-இல் ஹாட்ஜ் என்பவர் மீதான கொலை வழக்கில், நீதிபதி ஆல்டர்சன் ஜூரிகளை எச்சரித்தார். மனித மனத்துக்குச் சம்பவங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு; முழுக்கதை வேண்டும் என்பதற்காக அவற்றைக் கொஞ்சம் இழுத்து வளைக்கவும் செய்யும்; புத்திசாலித்தனம் கூடக்கூட, விடுபட்ட சின்னக் கண்ணியைத் தானே செய்து போட்டுக்கொள்ளும் ஆபத்தும் கூடும் என்றார். இதைவிட நுட்பமாக ஒரு புலனாய்வு அதிகாரியின் மனத்தை யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அதிகாரி கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கதை அவருக்குத் தெரிந்துவிட்டது, ஒரு துண்டு மட்டும் கையில் இல்லை. அவ்வளவு போதும்.

அந்த எச்சரிக்கையை நம் உச்ச நீதிமன்றம் 1952-இல் ஹனுமந்த் வழக்கில் எடுத்தாண்டது. அது கொலை வழக்கே அல்ல. மதுபான வடிசாலை டெண்டர் ஒன்றை ஒட்டி எழுந்த போலி ஆவண வழக்கு. அதில் சொல்லப்பட்ட விதி, நாட்டின் எல்லாக் கொலை வழக்குகளுக்கும் பாடமானது. 1984-இல் வந்தது சர்தா வழக்கு. புனேயில் இளம் மனைவி ஒருவர் சயனைடு விஷத்தில் இறந்துகிடந்தார். கணவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, பம்பாய் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் தற்கொலை செய்துகொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை அரசுத் தரப்பால் ஒதுக்கித்தள்ள முடியவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கணவரை விடுவித்தது. மூன்று நீதிபதிகள் அமர்ந்த அந்த அமர்வில் ஒருவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த ஏ. வரதராஜன், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி. தீர்ப்பில் நீதிபதி பசல் அலி ஐந்து கோட்பாடுகளை வகுத்து, அவற்றைப் பஞ்சசீலம் என்றார். ஒவ்வொரு சூழ்நிலையும் 'இருக்கலாம்' என்ற அளவில் நில்லாமல் முழுதாக நிரூபிக்கப்பட வேண்டும். அவை எல்லாம் குற்றம் என்ற ஒரே முடிவுக்குத்தான் இட்டுச்செல்ல வேண்டும். எதிரி நிரபராதி என்று நினைக்க நியாயமான இடம் எதுவும் மிஞ்சாத அளவுக்குச் சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும். ஜூனியராகச் சேர்ந்த முதல் வருஷமே இந்தப் பத்தியை மனப்பாடம் செய்துவிடுவோம்.

கயிறு வருவது வேறொரு நீதிபதியிடமிருந்து. 1866-இல் எக்ஸால் வழக்கில் தலைமை நீதிபதி பொல்லாக், சங்கிலி என்கிற உவமையே தவறு என்று ஜூரிகளிடம் சொன்னார். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மொத்தமும் விழுந்துவிடும். சந்தர்ப்ப சாட்சியம் பல இழைகள் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது. ஓர் இழை பாரத்தைத் தாங்காமல் போகலாம், மூன்றைச் சேர்த்து முறுக்கினால் தாங்கும் என்றார்.

கேட்பதற்கு ரசனை வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஐந்து கண்ணிகள், ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் சேர்ந்தே உண்மையாக இருக்கும் வாய்ப்பு 59 சதவீதம்தான். கண்ணி கூடக்கூடச் சங்கிலி பலவீனமாகும். இழை கூடினால் கயிறு பலமாகும்: ஒவ்வொரு இழைக்கும் குற்றமற்ற வேறு விளக்கம் இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு என்றால், மூன்றுக்கும் ஒரே சமயத்தில் அப்படி இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. நீதிபதிகள் யாரும் இப்படிப் பெருக்கிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். ஆனால் எந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அமர்கிறார்களோ அதற்குத் தக்கபடி, ஒரே சாட்சியம் கூடுதல் பலமாகவும் தெரியும், கூடுதல் ஓட்டையாகவும் தெரியும்.

கயிற்றின் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இழைகள் தனித்தனி இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒன்றின் பிழை மற்றொன்றைத் தொடாமல் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த நிபந்தனைக்காகத்தான்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 1980 ஆகஸ்ட் 17-ஆம் தேதி இரவு, உலுரு பாறை அருகே கூடாரம் போட்டிருந்த லிண்டி சேம்பர்லைனின் கைக்குழந்தை அசாரியா காணாமல் போனாள். டிங்கோ நாய் தூக்கிப்போய்விட்டது என்று தாய் கதறினார். அவர்கள் காரில் ரத்தம், அதுவும் பச்சிளம் குழந்தையின் ரத்தம் என்று தடயவியல் நிபுணர் சொன்னார். கிடைத்த குழந்தை உடுப்பில் நாயின் எச்சில் இல்லையே என்று அரசுத் தரப்பு கேட்டது. மேலே ஒரு சின்ன மேல்சட்டை போட்டிருந்தாள் என்றார் தாய். அந்தச் சட்டை கிடைக்கவில்லை, ஆகவே அவர் சொல்வதை நம்பவில்லை. 1982 அக்டோபரில் ஆயுள் தண்டனை. 1984-இல் அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் 3-க்கு 2 என்று தண்டனையை உறுதி செய்தது. பெரும்பான்மைத் தரப்பின் இரு நீதிபதிகள், அது பச்சிளம் குழந்தையின் ரத்தம்தான் என்று ஜூரி முடிவு செய்தது பாதுகாப்பானதல்ல என்றே சொன்னார்கள். ஆனாலும் மிச்சமிருக்கும் சாட்சியங்கள் போதும் என்றார்கள். ஓர் இழையை உருவி எடுத்தாயிற்று, கயிறு நிற்கிறது.

1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியின் உடலைத் தேடியபோது, அந்த மேல்சட்டை கிடைத்தது. காரின் முன்பலகைக்குக் கீழே தெறித்திருந்த 'ரத்தம்', தொழிற்சாலையில் இரைச்சலைக் குறைக்கத் தெளிக்கும் கலவை என்று தெரிந்தது. 1988-இல் தண்டனை ரத்தானது. குழந்தையை டிங்கோதான் கொண்டுபோனது என்று மரண விசாரணை அதிகாரி 2012-இல் பதிவு செய்தார். தாய் மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அந்தக் கயிற்றின் இழைகள் தனித்தனியாக முறுக்கப்பட்டவை அல்ல. தாய்தான் செய்தார் என்ற சந்தேகம் முதலில் வந்தது, பிறகு காரில் இருந்த கறையெல்லாம் ரத்தமாகத் தெரிந்தது, அவர் சொன்ன சட்டை பொய்யாகத் தெரிந்தது.

இனி எங்கள் ஊர்க் கொலை வழக்குக்கு வருகிறேன். சீமைக் கருவேலக் காட்டில் ஒரு பிணம். சம்பவத்தைப் பார்த்தவர் இல்லை. சில நாள் கழித்து, ரகசியத் தகவலின் பேரில் அதிகாலையில் பஸ் ஸ்டாப்பில் ஒருவரை இன்ஸ்பெக்டர் கைது செய்கிறார். அங்கே விஏஓவும் தலையாரியும் தயாராக நிற்கிறார்கள். எதிரி தானாக முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம் தருகிறார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. அதில் ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். பழைய சட்டத்தில் பிரிவு 27. ஆகவே எதிரி அழைத்துப்போய், புதருக்குள்ளிருந்து அரிவாளை எடுத்துக் கொடுக்கிறார். பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜர் எழுதி, விஏஓவும் தலையாரியும் கையெழுத்துப் போடுகிறார்கள். அரிவாள், கைப்பற்றிய பொருள்களுக்கான படிவம் 95-இல் ஏறி கோர்ட்டுக்கு வருகிறது. ஆய்வக அறிக்கை வரும்போது 'மனித ரத்தம். வகை கண்டறிய இயலவில்லை' என்று இருக்கும்.

குறுக்கு விசாரணையில் விஏஓவிடம் கேட்பேன். "அரிவாள் கிடந்த இடம் ரோட்டிலிருந்து தெரியுமா?"

"எட்டிப் பார்த்தா தெரியும் சார்."

"ஆடு மேய்க்கிறவங்க அந்தப் பக்கம் போவாங்களா?"

"போவாங்க சார்."

"மகஜரை எழுதினது யாரு?"

"ஸ்டேஷன் ரைட்டர் சார். நான் கையெழுத்துப் போட்டேன்."

மதராஸ் மாகாணத்திலிருந்து, ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன கொட்டய்யா வழக்கில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கத்தி என்கிற பொருளை மனிதர்கள் எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. வாக்குமூலத்தால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவது, அந்தக் கத்தி இந்த இடத்தில் இருப்பது இந்த மனிதருக்குத் தெரியும் என்பதுதான். ஆடு மேய்ப்பவர் கண்ணில் படும் அரிவாளில் அந்த அறிவு எங்கே இருக்கிறது?

இப்போது இழைகளை எண்ணிப் பாருங்கள். கைது, வாக்குமூலம், அரிவாள், ரத்தக்கறை. நான்கு போலத் தெரியும். நான்கும் ஒரே இன்ஸ்பெக்டரின் ஒரு காலைப் பொழுதிலிருந்து வந்தவை. 'கடைசியாக இருவரையும் ஒன்றாகப் பார்த்தேன்' என்று சொல்லும் டீக்கடைக்காரரின் வாக்குமூலமும் பல வழக்குகளில் கைதுக்குப் பிறகுதான் கோர்ட்டுக்கு வந்து சேரும். அந்தக் காலைப் பொழுது உண்மை என்றால் எல்லாம் உண்மை, இல்லை என்றால் எதுவும் இல்லை. இங்கே கயிற்றுக் கணக்குப் போடுவது, ஒரே நூலை நான்காக மடித்து நான்கு நூல் என்று சொல்வதுபோல. அதனால்தான் நம் நாட்டு விசாரணை முறை இப்படி இருக்கிறவரை, சங்கிலியை விடக்கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். காசில்லாமல், ஜாமீன்தாரர் கிடைக்காமல், விசாரணை முடியும் வரை உள்ளேயே இருக்கும் ஓர் எதிரிக்கு, ஒவ்வொரு கண்ணியையும் தனியாகத் தட்டிப் பார்க்கச் சொல்லும் அந்தப் படம்தான் பாதுகாப்பு.

கவலை என்னவென்றால், சங்கிலி என்ற பெயரிலேயே கயிறு உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'கூடுதல் கண்ணி'. எதிரி பொய்யான விளக்கம் சொன்னாலோ, விளக்கமே சொல்லாவிட்டாலோ, அது சங்கிலியில் ஒரு கூடுதல் கண்ணி என்று தீர்ப்புகளில் வரும். கொஞ்சம் யோசித்தால் இந்த உருவகம் நிற்காது. முழுமையான சங்கிலியில் இன்னொரு கண்ணியைச் சேர்த்தால் அது பலமாகாது. நீளமாகும், அறுவதற்கு இன்னோர் இடம் கிடைக்கும். சேர்த்தால் பலமாவது கயிறு மட்டுமே. சர்தா தீர்ப்புக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. மற்றக் கண்ணிகள் எல்லாம் அரசுத் தரப்பால் திருப்தியாக நிரூபிக்கப்பட்ட பிறகுதான், அதுவும் ஓர் உறுதிப்பாட்டுக்காக மட்டும்தான், பொய் விளக்கத்தைப் பார்க்கலாம் என்று அது கட்டுப்படுத்தியது. அதற்கு முன்பே 1956-இல் சம்பு நாத் மெஹ்ரா வழக்கில், எதிரிக்கு மட்டுமே தெரிந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 106, அரசுத் தரப்பின் பாரத்தை இறக்கிவைப்பதற்கு வந்ததல்ல என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வாதத்தில் முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறார்கள், நிபந்தனை விடுபட்டுப்போகிறது.

எதிரி எப்படிப் 'பொய்' சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், நீதிபதி எதிரியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய பிரிவு 313, இப்போது 351. "இந்தச் சாட்சி இப்படிச் சொல்கிறார், என்ன சொல்கிறீர்கள்?" கூண்டில் நிற்பவர் "பொய்ங்கய்யா" என்பார். அடுத்த கேள்விக்கும் "பொய்ங்கய்யா". பத்தாவது கேள்வி, பிணக்கூறாய்வு செய்த டாக்டரின் சாட்சியம் பற்றியது. அதற்கும் "பொய்ங்கய்யா". அவருக்கு அந்த டாக்டர் யார் என்றே தெரியாது. எதை ஒப்புக்கொண்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், எல்லாவற்றையும் மறுத்துவிடுவதுதான் பத்திரம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். படித்தவர்களே அந்த இடத்தில் நின்றால் நாக்கு உலர்ந்துவிடும். அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துவைத்துக்கொண்டு, "எதிரி உண்மையான விளக்கம் தரவில்லை, இது கூடுதல் கண்ணி" என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்! லிண்டி சேம்பர்லைனின் மேல்சட்டை பற்றிய பதிலும், கிடைக்கும் வரை பொய்தான்.

எதிர்ப்பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் மனைவி இறந்துகிடக்கிறார், உள்ளே இருந்தது கணவர் மட்டும். எந்த சாட்சியைப் போலீஸ் கொண்டுவர முடியும்? 2006-இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது: வீட்டுக்குள் நடந்த கொலைக்கு அந்த வீட்டில் இருந்தவர் விளக்கம் சொல்லாவிட்டால், அந்த மௌனத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்றது. வரதட்சணைக் கொடுமைகளைப் பார்த்த யாரும் இதை எதிர்க்க மாட்டார்கள், நானும் எதிர்க்கவில்லை. அங்கே நான்கு சுவர், ஒரு பூட்டு, ஒரு ராத்திரி என்று எல்லை தெளிவாக இருக்கிறது. அதே விதியை, பஸ் ஸ்டாப்பில் ஒன்றாக டீ குடித்தார்கள், மூன்றாம் நாள் ஒருவர் பிணமாகக் கிடந்தார், மற்றவர் பதில் சொல்லட்டும் என்று நீட்டும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திறந்த வெளிக்கு ஏது பூட்டு?

இப்போதெல்லாம் எழுத்துப்பூர்வ வாதத்தில் சங்கிலி முழுமையா, அறுந்ததா என்று எழுதுவதோடு நான் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு சூழ்நிலைக்கும் எதிரே, அது யார் கையிலிருந்து கோர்ட்டுக்கு வந்தது என்று ஒரு பத்தி போடுகிறேன். டவர் விவரம் தொலைபேசி நிறுவனத்திலிருந்து வருகிறது. கடையின் கேமராப் பதிவு, வழக்கில் எந்தப் பக்கமும் சாராத கடைக்காரரிடமிருந்து, சம்பவம் நடந்த மறுநாளே எடுக்கப்பட்டிருக்கலாம். எதிரி கைதாவதற்கு முன்பே இறந்தவரின் அக்கா யாரிடமோ சொல்லி அழுதிருக்கலாம். அப்படி வெவ்வேறு கைகளிலிருந்து வந்தவை மூன்று இருந்து, மூன்றும் ஒரே பக்கம் காட்டினால், பொல்லாக் சொன்ன கயிறு அங்கே இருக்கிறது. என் கட்சிக்காரருக்கு எதிராக இருந்தாலும் அதை மறுக்க மாட்டேன். எல்லா வரிகளுக்கும் எதிரே ஒரே இன்ஸ்பெக்டர், ஒரே காலை, ஒரே விஏஓ என்று வந்தால், அரசு வழக்கறிஞர் ஐந்து என்று எண்ணியதை ஒன்றாக எண்ணும்படி நீதிபதியிடம் கேட்கிறேன். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சர்தா வழக்கின் முதல் கோட்பாட்டில் வாதத்தைத் தொடங்குகிறேன்.